சாய்வுப் பெட்டி

அக்காவின் ஸ்பீக்கர் பெட்டி மேல் நான் வண்டியை ஏற்றிய அன்று மழை இல்லை. வெயிலும் கண்ணைக் குத்தவில்லை. குறுக்கே ஒரு நாய்கூட ஓடவில்லை. ஓடியிருந்தால் அதன் தலையில் பழியைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

பட்டறை வாசலுக்கு வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தேன். மாமா பின்பக்கம் நின்று வண்டித் தகரத்தைத் தட்டித் தட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தார். "வா... வா... லேசா ஒடி... ஆங், வா... இன்னும் வா..." பின்னால் ஆள் நின்று சொல்லும்போது கண்ணாடியைப் பார்ப்பது அந்த ஆளை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது மாதிரி. லோடு வண்டி ஓட்டுகிறவர்களிடம் அப்படி ஒரு மரியாதை உண்டு. எனக்கு வேறு மரியாதை எதுவும் தெரியாததால் இந்த ஒன்றையாவது ஒழுங்காகக் கடைப்பிடித்து வந்தேன். மாமா "வா" என்றார். வந்தேன். யாரோ பெரிய ரஸ்க்கைக் கடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

இறங்கிப் பார்த்தால் கறுப்பு ரெக்சின் போர்த்திய சாய்வுப் பெட்டி. பின்சக்கரத்துக்கு அடியில் மூலையைக் கொடுத்துவிட்டுக் கிடந்தது.

"ஐயோ மாமா! இது எப்படி இங்க வந்துச்சு?"

"ரெக்சின் ஒரு பக்கம் பிரிஞ்சிருந்துச்சுடா. பசை போட்டுக் காய வச்சிருந்தேன். நான் இந்தப் பக்கச் சக்கரத்தப் பாத்துட்டு இருந்துட்டேன். நீ கண்ணாடியப் பாக்கக் கூடாதா?"

கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி தொண்டையில் சிக்கிய மீன் முள்ளாக இருந்தது.

அக்கா ஈரக்கையோடு வெளியே ஓடி வந்தார். பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"பின்னாடி போற வண்டியில எனக்கு என்னக்கா ஆகும்?"

மாமா பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். "போச்சு. ஸ்பீக்கர் நாலும் தப்பிச்சிருச்சு, சட்டம் போச்சு" என்று சொல்லி மேலே ஒரு சாக்கைப் போட்டு உள்ளே இழுத்துப் போனார். பிணத்தை மூடுகிற மாதிரி இருந்தது.

அவர்கள் எனக்குச் சொந்த அக்காவும் இல்லை, சொந்த மாமாவும் இல்லை. பட்டறைக்கு மேல் உள்ள ஒற்றை அறையில் நான் குடியிருந்தேன். சாப்பாடு கீழே, அவர்கள் மேஜையில். மாமா ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவர். அவர் வீட்டில் டீ குடித்தால் மரத்தூள் வாசனை அடிக்கும், ரொட்டியைப் பிட்டால் பசை வாசனை அடிக்கும். எதையும் எதிலிருந்தும் பிரிக்க முடியாது. அக்கா கிடார் வாசிக்கிறவர். வார இறுதியில் பெரிய சாப்பாட்டுக் கடையொன்றின் மாடியில் ஒரு குழுவோடு வாசிப்பார். பெட்டிகளை ஏற்றி இறக்குவது என் வேலை. அந்தக் குழுவில் எனக்கு 'பிரேக்கு' என்று பட்டப்பெயர். ஓட்டுநருக்கு அப்படிப் பெயர் வைத்தால் பாராட்டு என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சாய்வுப் பெட்டி அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் மாமா செய்தது. "வீட்டுல கட்டில் இல்ல. தரையில படுத்துக்கிட்டு எனக்குப் பெட்டி செஞ்சாரு இந்த மனுஷன்" என்று அக்கா சொல்லும்போது முகத்தில் ஒரு மினுக்கல் இருக்கும். நாலு ஸ்பீக்கரில் கீழே ரெண்டு நேராக இருக்கும். மேலே ரெண்டும் கொஞ்சம் மல்லாந்து, நிற்கிறவர் முகத்தைப் பார்க்கும். அக்கா அதன் முன்னால்தான் எப்போதும் நின்றார். வேறு பெட்டி அவருக்குத் தெரியாது.

அது நசுங்கிய நேரம்தான் மோசம். ஊர் ஊராகப் போய் வாசிக்கும் பெரிய குழு ஒன்று அக்காவைக் கூப்பிட்டிருந்தது. கூட வாசித்துக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் ஒரு வருஷம் அவர்களோடு பயணம். அக்கா வாழ்நாளில் கேட்டது அந்த ஒன்றைத்தான். அதற்கு அடுத்த வாரம் நாள் குறித்திருந்தார்கள்.

அன்று சாப்பாட்டு மேஜையில் மாமா பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டார். "பிரேக்கு, இவ வாசிச்சுக் காட்டப் போற அந்த ஹால் மேடை எவ்வளவு ஆழம் இருக்கும்?"

வேறு ஆட்களுக்கு அங்கே சாமான் இறக்கியிருக்கிறேன். "கட்டில் போட்டுப் படுத்தா கால் வெளிய தொங்கும் மாமா."

"அப்ப பெட்டிக்கும் இவளுக்கும் கை எட்டுற தூரந்தான்."

"அது எட்டினாலே அதிகம்."

மாமா தலையாட்டிவிட்டு மறுபடி பென்சிலைச் சீவினார். அது ஏற்கெனவே ஊசி மாதிரி இருந்தது.

"பழைய மாதிரியே செஞ்சிடுங்க. மேல ரெண்டும் சாஞ்சு, என் மூஞ்சியப் பாத்து பேசணும்" என்றார் அக்கா.

"இல்லம்மா, இந்தத் தடவை நேர்ப் பெட்டியாப் போட்டுடலாம். உள்ள இடம் கூட, கனமான அடிச்சத்தம் நின்னு பேசும். பெரிய குழுவுல எல்லாரும் நேருதான் வச்சிருக்கான். சாய்வு செய்ய நாளும் பத்தாது. அந்தச் சரிவு வெட்டு ஒண்ணு தப்பினா பலகை வீண்."

"பழகினது அதாச்சே."

"புதுசு செஞ்சா புதுசாப் பழகு. டேய், நீ சொல்லு. வண்டியில எது ஆடாம வரும்?"

நசுக்கியவன் நான். எனக்கு வாயில் என்ன இருக்கும்? "நேர்ப் பெட்டிதான்க்கா. கல்லு மாதிரி உக்காரும். சாய்வுன்னா தலைமாட்டுல எதையும் வைக்க முடியாது, வழுக்கிட்டே இருக்கும்" என்றேன்.

அக்கா ரெண்டு பேர் முகத்தையும் பார்த்தார். பிறகு சிரித்தார். "செய்யறவரும் நேருங்கறாரு, தூக்கறவனும் நேருங்கறான். வாசிக்கறவ பேச்சு எங்க எடுபடும்? செய்ங்க."

நேர்ப் பெட்டியைப் பற்றி மாமா சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதை நினைத்தால் இன்னமும் ஆறவில்லை.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. பலகை ஈரம் குடித்து ஊதியது. பசை காய்ந்து இழுக்காமல் வழிந்தது. இணைப்புகளுக்குப் பக்கத்தில் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி தொட்டுத் தொட்டுப் பார்த்தார் மாமா. நான் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். ரம்பம் ஓடும்போது தூள் மூக்கில் ஏறித் தும்மினால், "ஆட்டாதடா, கோடு விலகுது" என்பார். வேலை செய்யும்போது அக்கா பழகும் பாட்டை விசிலடிப்பது அவர் வழக்கம். அந்த வாரம் விசில் வரவில்லை. பாவம், நான் வைத்த வேலையால் மனுஷனுக்கு மூச்சுவிடக்கூட நேரமில்லை என்று நினைத்து, ரெண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தேன். என் டீயைக் குடித்தும் அவர் திட்டவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பெட்டி அழகாக வந்தது. ரெக்சினில் ஒரு சுருக்கம் இல்லை. நாலு மூலைக்கும் இரும்புத் தொப்பி. அக்கா அதைத் தடவிப் பார்த்து, "மாப்பிள்ளை மாதிரி இருக்கு" என்றார். பட்டறையில் வாசித்துப் பார்க்கக் கேட்டபோது, "பசை இழுக்கட்டும்மா, இப்ப அதிர்ந்தா இணைப்பு விட்டுடும். அங்க போயி வாசிச்சுக்க" என்றார் மாமா. அவர் மட்டும் கூட வரவில்லை. வேறு யாருக்கோ பெட்டி கொடுக்க வேண்டுமாம்.

அக்காவைக் கூப்பிட்ட பெரிய குழுவை நடத்துகிறவரை ஹாலில் எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். முதல் வரிசையில் மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடையில் அக்கா, பின்னால் ஒட்டினாற்போல் பெட்டி. நான் திரைக்குப் பக்கத்தில்.

முதல் பாட்டிலேயே அக்கா திரும்பித் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். குமிழைத் திருகினார். இன்னும் திருகினார். சத்தத்தைக் கூட்டினார், கூர்மையைக் கூட்டினார். மாஸ்டரின் முகம் எலுமிச்சையைக் கடித்தவர் மாதிரி சுருங்கியது. அக்காவின் நெற்றியில் வேர்வை. எனக்கு என்னவோ சத்தம் மந்தமாகத்தான் இருந்தது, போர்வைக்குள் யாரோ வாசிக்கிற மாதிரி. அந்த நேரம் பார்த்து என் செருப்பு வார் அறுந்தது. பெட்டிக்கு முன்னால் உருண்ட செருப்பை எடுக்கக் குனிந்தேன். காதைக் கிழித்துக்கொண்டு ஒரு சத்தம் தலைக்குள் போனது. பதறி நிமிர்ந்தேன். மறுபடி போர்வை. என் காதுக்குத்தான் கிறுக்கு என்று நினைத்துச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒதுங்கினேன்.

மூன்றாம் பாட்டுக்கு முன் மாஸ்டர் கையை உயர்த்தினார். "போதும்மா. விரல் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இவ்வளவு கூர்மையா வச்சா எப்படி? முன்னாடி உக்காந்திருக்கவன் காது என்னாகும்? உங்களுக்கே கேக்கலையா?"

"எனக்குக் கேக்கலைங்க. அதான் கூட்டினேன்."

மாஸ்டர் மடியிலிருந்த தொப்பியை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். பிறகு குரலைத் தணித்து, "காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க. இந்தத் தொழில்ல எல்லாருக்கும் வர்றதுதான். மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பார். மாஸ்டர் இரக்கப்பட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு அக்கா கிடாரைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினார். மறுநாளிலிருந்து அவர் பேச்சு சத்தமாகிவிட்டது. "பிரேக்கு! ரொட்டி போதுமாடா!" என்று பக்கத்தில் நின்றுகொண்டு கத்துவார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி ஒரு காதில் வைப்பார், மறு காதில் வைப்பார். "ஓடுதா?" என்று என்னைக் கேட்பார். "ஓடுதுக்கா." "எனக்கும் கேக்குது. ஆனா எவ்வளவு கேக்கணுமோ அவ்வளவு கேக்குதான்னு எப்படித் தெரியும்?"  எட்டத்தில் நின்று சாவிக்கொத்தை ஆட்டி, கேட்கிறதா என்று கையால் கேட்பேன். ரெண்டு பேரும் சிரிப்போம். சிரித்து முடித்ததும் அவர் போய் முகம் கழுவிக்கொள்வார்.

காது டாக்டரிடம் போகலாம் என்றபோது மாமா, "எதுக்குப் பயந்து சாகறே? நாலு நாள் சும்மா இரு, சரியாப் போயிடும்" என்றார். உப்பை வறுத்து, துணியில் முடிந்து, அக்காவின் காதுக்கு ஒத்தடம் கொடுத்தார். சூடு அதிகமா என்று தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று கண் கலங்கிவிட்டது. என் கண்ணுக்கு அவ்வளவுதான் அறிவு.

ஒரு நாள் சாப்பிடும்போது, பேச்சில்லாமல் கிடந்த மேஜையைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாமென்று செருப்புக் கதையைச் சொன்னேன். "நிமிர்ந்தா ஒண்ணுமில்ல மாமா, குனிஞ்சா காது கிழியுது. அந்த மேடையில வாசிக்கறதுன்னா தவழ்ந்துக்கிட்டேதான் வாசிக்கணும்."

மாமாவின் கரண்டி தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. "பலகை மேடைடா. கீழ பொந்து. சத்தம் அதுக்குள்ள இறங்கிடும்" என்றார்.

அக்காவுக்கு முழுதும் கேட்டிருக்காது என்று நினைத்தேன். எனக்கே அவர் காதின் மேல் நம்பிக்கை போயிருந்தது.

என் வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற மரக்கட்டை எங்கேயோ தொலைந்துபோனது. மாமா வெளியே போயிருந்த நேரம், துண்டுக்கட்டை ஏதாவது கிடைக்குமா என்று பட்டறையின் பின்னறையில் துழாவினேன். பலகைகளை நகர்த்தினால் பின்னால் ஒரு சாக்கு. சாக்குக்குள் பழைய சாய்வுப் பெட்டி.

ஸ்பீக்கர்களைக் கழற்றிய வெறும் கூடு. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கீழே பின்மூலை மட்டும் எலி கடித்த ரொட்டி மாதிரி இருந்தது. மற்றபடி சட்டம் அசையவில்லை. மேலே அந்தச் சரிவு, செய்த நாளில் இருந்த மாதிரியே இருந்தது. மாமா ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் தீர்ந்துபோகிற காயம். 'சட்டம் போச்சு' என்று யார் சொன்னார்? பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். என் எடைக்கும் அது முனகவில்லை.

மாமா வந்ததும் கேட்டேன். "மாமா, அந்தப் பழைய பெட்டி என்னாச்சு?"

"அடுப்புக்குப் போயிடுச்சு."

"கேஸ் அடுப்புலயா மாமா?"

"உனக்கு வாய் ஜாஸ்தி. போயி வண்டியக் கழுவு."

"மேடை ஆழம் எவ்வளவுன்னு கேட்டீங்களே, எதுக்கு?"

"உன் மூளை ஆழம் தெரியும், மேடை ஆழம் தெரியாது. அதான் கேட்டேன்."

நானும் சிரித்தேன். அவர் ஜோக்குக்குச் சிரிப்பது பழக்கமாகிவிட்டது. மேலே போய்ப் படுத்தேன், தூக்கம் பிடிக்கவில்லை. ரெண்டு பேரும் போட்ட சோற்றைத் தின்றவன். ஒருவருக்கு உண்மையாக இருந்தால் இன்னொருவருக்குத் துரோகி. மறுநாள் அக்கா கடிகாரத்தை மறுபடி காதில் வைத்தபோது என்னால் முடியவில்லை. "அக்கா, கொஞ்சம் பின்னறைக்கு வாங்க" என்றேன்.

அக்கா சாக்கை விலக்கிப் பார்த்தார். சரிவின் மேல் உள்ளங்கையை வைத்தார்.  முன்னறைக்குப் போய், பரணிலிருந்து கிடாரை இறக்கி, புதுப் பெட்டியில் மாட்டினார். நின்றபடி ஒரு கம்பியை மீட்டினார். பிறகு மெதுவாகத் தரையில் குந்தி, காதைப் பெட்டிக்கு நேராக வைத்து, அதே கம்பியை அதே மாதிரி மீட்டினார். கண்ணாடி உடைந்த மாதிரி ஒரு சத்தம். எழுந்தார், மீட்டினார். குந்தினார், மீட்டினார்.

"மாஸ்டர் உக்காந்திருந்தாரு. நான் நின்னுட்டிருந்தேன்" என்றார். வெகுநாளுக்குப் பிறகு குரல் மெதுவாக வந்தது. "அப்ப என் காது நல்லாத்தான்டா இருக்கு."

சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய வார்த்தை. அவர் அதைச் சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கை அவித்து மூன்று தட்டில் வைத்தார். மாமா உப்புக் கேட்டார். அக்கா உப்பு டப்பாவை நகர்த்தினார்.

"இந்த உப்பத்தானே வறுத்தீங்க?"

மாமாவின் கை டப்பாவின் மேல் நின்றது.

"காது போச்சுன்னு நான் அழுதப்ப, ஒத்தடம் குடுத்தீங்களே. சுடுதான்னு கன்னத்துல வச்சுப் பாத்தீங்களே. எந்த மூஞ்சியோட குடுத்தீங்க?"

"என்னம்மா பேசறே? நேர்ப் பெட்டி நல்லதுன்னு நினைச்சேன். நாள் பத்தல. கடையில பலகையும் அந்த அளவுலதான்..."

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சண்டை போட்டிருப்பேன். ஒருவேளை இருந்தும் இருப்பேன். என்னைச் செவிடியாக்கிப் பக்கத்துல வச்சுக்கணுமா?"

"சாப்பிடும்மா, ஆறுது" என்றார் மாமா.  நான் தட்டோடு மாடிப்படிக்குப் போய்விட்டேன். கிழங்கை உப்பில்லாமலே தின்றேன்.

அக்கா நடந்ததைச் சொல்லி இன்னொரு தடவை கேட்டதற்கு மாஸ்டர் போனில், "வாங்கம்மா, பஞ்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்று சொன்னாராம். அதே மேடை, அதே நேர்ப் பெட்டி. அக்கா என் புது மரக்கட்டையை வாங்கிப் பெட்டியின் முன்விளிம்புக்கு அடியில் செருகினார். பெட்டி மொத்தமாக மல்லாந்து அவர் முகத்தைப் பார்த்தது. வண்டியை மேட்டில் நிறுத்துகிற கட்டைக்கு அப்படி ஒரு வேலை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அக்கா குமிழைப் பாதிக்குக் குறைத்தார். வாசித்தார். ரெண்டாம் பாட்டில் மாஸ்டர் காதிலிருந்து பஞ்சை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வெளியே எறியாமல் பையில் வைத்தது என் வரைக்கும் கொஞ்சம் அவமரியாதைதான். ஆனாலும் அக்கா போவது முடிவாகிவிட்டது.

புறப்படுகிற காலையில் பட்டறை வாசலில் ரெண்டு பெட்டிகள் நின்றன. பழைய சாய்வுப் பெட்டியை மாமா சரிசெய்து வைத்திருந்தார். மூலைக்குப் புதுப் பலகை, புது இரும்புத் தொப்பி. எந்த இடத்தில் நசுங்கியது என்று தேடினாலும் கிடைக்காது. அப்படி ஒரு வேலை.

"ஸ்பீக்கரை இதுல மாத்திடவா? கொஞ்ச நேர வேலைதான்" என்றார். அக்காவைப் பார்க்காமல் பெட்டியிடம் கேட்ட மாதிரி இருந்தது.

அக்கா சாய்வுப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கட்டில் இல்லாத வீட்டில் செய்த பெட்டி.

"வேணாம். இதையே எடுத்துட்டுப் போறேன். இது முன்னாடி எப்படி நிக்கறதுன்னு இப்பத் தெரியும்" என்று நேர்ப் பெட்டியைக் காட்டினார். பிறகு என்னிடம், "அந்தக் கட்டை என்கிட்டயே இருக்கட்டும்டா. நீ வேற செஞ்சுக்க."

மாமாதான் பெட்டியைத் தூக்கி வைத்தார். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். முடிச்சை ரெண்டு தடவை சோதித்தார். அக்கா முன்சீட்டில் ஏறி, கிடாரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார். வண்டி பட்டறையைப் பார்த்து நின்றது. தெருவுக்குப் பின்னால்தான் எடுக்க வேண்டும். மாமா வழக்கம்போல் பின்னால் போனார். தகரத்தைத் தட்டினார்.

"வா... வா..."

கியரைப் போட்ட கை நின்றுவிட்டது. முதல் தடவையாகப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். மாமாவின் பாதி முகம் தெரிந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன்.

"என்னடா?" என்றார்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். ஜோக்கு வேணாம். அன்னைக்கு நீங்க 'வா வா'ன்னு சொன்னப்ப, பெட்டி பின்னாடி இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?"

மாமா சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை. வண்டியின் தகரத்தில் வைத்த கையை எடுக்காமல் நின்றார். முன்சீட்டில் அக்காவின் தலை அசையவில்லை. ஜன்னல் கண்ணாடி இறங்கியே இருந்தது. அவர் காதில் எந்தக் கோளாறும் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

"நீ கண்ணாடியப் பாத்திருந்தாலும் உனக்குத் தெரிஞ்சிருக்காதுடா" என்றார் மாமா. "தெரியாத இடமாப் பாத்து நான்தான் வச்சேன்."